அமெரிக்க கிராண்ட் படிவத்தில் சீன உதவி, கௌரவப் பதவி: எதை எங்கே காட்டுவது?

உம்கேனி_நீர்:

எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் ஒரு பல்கலையில் 12 மாத ஒப்பந்தத்தில் முழுநேர விரிவுரையாளர். துறை, கழிவுநீரில் மருந்து எச்சங்கள். ஓர் அமெரிக்கப் பல்கலை, அந்நாட்டு அரசின் ஆய்வு நிதி அமைப்பான என்.எஸ்.எஃப்-க்கு அனுப்பும் முன்மொழிவில் என் பெயரை சீனியர் பர்சனாக, அதாவது முக்கிய ஆய்வாளர்களில் ஒருவராகச் சேர்க்கிறது. பயோஸ்கெட்சும் (தன்விவரம்) கரண்ட் அண்ட் பெண்டிங் படிவமும் (நடப்பில் உள்ள, காத்திருக்கும் ஆய்வு உதவிகளின் பட்டியல்) மூன்று வாரத்துக்குள் வேண்டும் என்கிறார்கள்.

இப்போது நடப்பவை: தென்னாப்பிரிக்க அரசின் ஆய்வு நிதி அமைப்பான என்.ஆர்.எஃப் தந்த கிராண்ட் ஒன்று, இங்குள்ள வாட்டர் ரிசர்ச் கமிஷன் திட்டம் ஒன்று. சீனப் பல்கலை ஒன்று கையடக்க ராமன் ஸ்பெக்ட்ரோமீட்டரை (ஒளியால் வேதிப்பொருளை இனங்காணும் கருவி) இரண்டு வருடத்துக்கு இரவலாகக் கொடுத்திருக்கிறது, பணம் எதுவும் இல்லை. அதே பல்கலையிலிருந்து சீன அரசின் சைனா ஸ்காலர்ஷிப் கவுன்சில் உதவித்தொகையில் ஒரு பி.எச்டி மாணவி ஒரு வருடம் எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறார். தமிழ்நாட்டில் ஒரு பல்கலை கௌரவ வருகைப் பேராசிரியர் பட்டம் தந்திருக்கிறது. சம்பளம் இல்லை, வருடத்துக்கு ஒருமுறை விமான டிக்கெட்டும் தங்குமிடமும் மட்டும். இவை போக, ஒரு தனியார் நிறுவனத்துக்கு எப்போதாவது கன்சல்டிங்.

அமெரிக்க நண்பர், "சம்பளம் வராததை எல்லாம் எழுத வேண்டாம், வீண் கேள்வி வரும்" என்கிறார். அது சரியா? பர்சன் மந்த், அதாவது ஒரு திட்டத்துக்குப் போகும் நேரத்தை மாதத்தில் சொல்லும் அளவு, அதை எப்படிக் கணக்கிடுவது?

வெஸ்ட்வில்_72:

உங்கள் நண்பர் சொல்வது தவறு. அதைக் கேட்டு நடந்தால் மாட்டிக்கொள்வது நீங்களும் அவருடைய பல்கலையும்தான். இரண்டு படிவமும் கேட்கும் கேள்வி வேறு வேறு. அதைப் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும்.

பயோஸ்கெட்ச் கேட்பது "நீங்கள் யார், எங்கெல்லாம் பதவி வகிக்கிறீர்கள்" என்று. சம்பளம் உண்டா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. முழுநேரம், பகுதிநேரம், தன்னார்வம், கௌரவம், வருகை, அட்ஜங்க்ட் எல்லாமே பதவிதான். ஆகவே தமிழ்நாட்டுப் பட்டம் கட்டாயம் வர வேண்டும். நியமனக் கடிதத்தில் என்ன தலைப்பு இருக்கிறதோ அதையே தொடங்கிய தேதியோடு எழுதுங்கள்.

கரண்ட் அண்ட் பெண்டிங் கேட்பது "உங்கள் ஆய்வுக்கு எங்கிருந்து என்ன வருகிறது, அதற்கு எவ்வளவு நேரம் போகிறது" என்று. என்.ஆர்.எஃப், வாட்டர் ரிசர்ச் கமிஷன் இரண்டும் இதில் வரும். மொத்தத் தொகை என்ற இடத்தில் ஒரு வருடத் தொகையைப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அங்கே வேண்டியது முழுக் காலத்துக்கான தொகை, மறைமுகச் செலவும் சேர்த்து, டாலரில். நம் ராண்டை டாலராக மாற்றிய விகிதத்தையும் தேதியையும் உங்கள் கோப்பில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு படிவத்தில் வேறு எண் வந்து யாராவது கேட்டால் அந்தக் குறிப்புதான் பதில்.

பொருளாக வரும் உதவிக்கு என்.எஸ்.எஃப் இரண்டு நிபந்தனை வைக்கிறது: மதிப்பு 5,000 டாலர் அல்லது அதற்கு மேல், கூடவே உங்கள் நேரமும் அதற்குப் போக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கரண்ட் அண்ட் பெண்டிங். அந்தப் பொருளை இந்த அமெரிக்கத் திட்டத்துக்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இடம் மாறும். அப்போது அது முன்மொழிவின் ஃபெசிலிட்டீஸ், எக்விப்மென்ட் (வசதிகள், கருவிகள்) பகுதிக்குப் போகும்.

ஸ்பெக்ட்ரோமீட்டரை இரவல் தந்த ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவீட்டுத் தரவு அனுப்ப வேண்டும்" என்பது போல ஒரு வரி இருந்தால் அதுவே நேரக் கடப்பாடு. சும்மா மேசையில் கிடக்கும் கருவி என்று சொல்ல முடியாது. மாணவிக்கும் இதே சோதனைதான். அவர் வேலை இந்தத் திட்டத்துக்கா, உங்கள் வேறு ஆய்வுக்கா என்று முதலில் பிரியுங்கள். வேறு ஆய்வு என்றால், வெளியார் பணத்தில் வரும் ஆள் உங்களுக்குக் கிடைத்த உதவி, மேற்பார்வைக்குப் போகும் நேரம் உங்கள் நேரம்.

விமான டிக்கெட் விஷயம் நீங்கள் அங்கே போய் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விரிவுரை கொடுத்துவிட்டுத் திரும்பினால் கரண்ட் அண்ட் பெண்டிங்கில் வேண்டாம். இரண்டு வாரம் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஆய்வு செய்தால், செலவை அவர்கள் ஏற்றால், எழுத வேண்டும். கன்சல்டிங்கும் அப்படியே. அறிக்கையைப் படித்து ஆலோசனை சொல்வது, உங்கள் பல்கலை அதற்கு அனுமதி கொடுத்திருப்பது என்றால் விடலாம். ஆய்வை வடிவமைத்து நடத்தித் தருகிறீர்கள் என்றால் அது கன்சல்டிங் என்ற பெயரில் நடக்கும் ஆய்வு, பட்டியலில் சேரும்.

பர்சன் மந்த் கணக்கு எளிது. 12 மாத ஒப்பந்தத்தில் 10 சதவீதம் என்றால் 1.2 மாதம், 5 சதவீதம் 0.6. வாரம் 40 மணி நேரத்தில் 4 மணி நேரம் போனால் அதுவும் 1.2. வருடவாரியாகப் போட வேண்டும்.

இதில் மாட்டும் இடம் பழைய வாக்குறுதிகள். இரண்டு வருடம் முன்பு என்.ஆர்.எஃப் விண்ணப்பத்தில் 50 சதவீதம், இன்னொன்றில் 40 சதவீதம் என்று தாராளமாக எழுதியிருப்பார்கள். 6 மாதமும் 4.8 மாதமும் சேர்ந்து 10.8. புதிய திட்டத்துக்கு 2 மாதம் கேட்டால் 12.8 ஆகிவிடும். வருடத்தில் அவ்வளவு மாதம் கிடையாது. 12-ஐத் தாண்டாவிட்டாலும், வகுப்பு எடுக்கும் ஒருவர் 11.5 மாதம் ஆய்வு என்று காட்டினால் நம்ப மாட்டார்கள். பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் முதலில் அந்த நிதியளிப்பவரிடம் எழுதிக் கேட்டுக் குறையுங்கள். இங்கே மட்டும் சின்ன எண்ணைப் போடாதீர்கள்.

மாரிட்ஸ்பர்க்_வாசி:

வெஸ்ட்வில் அண்ணா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதே பாதுகாப்பு என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. சீனாவுக்கு இரகசியம் போவதைத் தடுக்க என்று 2018 நவம்பரில் அமெரிக்க அரசின் நீதித்துறை தொடங்கிய சைனா இனிஷியேட்டிவ் எத்தனை பேரை வாட்டியது என்று தெரியும். டென்னசி பல்கலையின் அன்மிங் ஹு 2020 பிப்ரவரியில் கைதானார். பெய்ஜிங் தொழில்நுட்பப் பல்கலைப் பகுதிநேர வேலையை மறைத்தார் என்று வழக்கு. 2021 செப்டம்பரில் நீதிபதியே விடுவித்தார். எம்.ஐ.டி-யின் கேங் சென் மீதான குற்றச்சாட்டை 2022 ஜனவரியில் அரசே திரும்பப் பெற்றது. அடுத்த மாதம் அந்த இனிஷியேட்டிவையே மூடினார்கள். ஒரு பெயரைப் பார்த்தே சந்தேகப்படும் இடத்தில், தேவையில்லாத வரியைச் சேர்த்து ஏன் கண்ணை இழுக்க வேண்டும்? அதுவும் இது அமெரிக்கச் சட்டம், நாம் இருப்பது தென்னாப்பிரிக்காவில்.

தூகேலாக்கரை:

மாரிட்ஸ்பர்க் தம்பியின் கவலை நியாயமானது. ஆனால் அந்த வழக்குகளிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் வேறு. ஹுவை விடுவித்ததற்குக் காரணம், ஆய்வுக்கு நிதி தந்த நாசாவை ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்தது என்று அரசால் நிரூபிக்க முடியவில்லை என்பது. ஹார்வர்டின் சார்லஸ் லீபர் 2021 டிசம்பரில் ஆறு குற்றச்சாட்டிலும் தண்டிக்கப்பட்டதற்குக் காரணம், கேட்டபோது பொய் சொன்னது, வருமானத்தை வரிக்கணக்கில் காட்டாதது, சீன வங்கிக் கணக்கை அறிவிக்காதது. வூஹான் தொழில்நுட்பப் பல்கலையோடு ஒப்பந்தம் போட்டது மட்டுமே குற்றமாக வைக்கப்படவில்லை. ஹுவின் காலத்தில் படிவங்கள் தெளிவாக இல்லை. இன்றைக்கு என்.எஸ்.எஃப் ஓர் அட்டவணையே வெளியிட்டு, எது எந்தப் படிவத்தில், எது வேண்டாம் என்று வரிவரியாகச் சொல்கிறது. அட்டவணை கேட்பதை முழுதாகக் கொடுங்கள், கேட்காததைச் சேர்க்க வேண்டாம். இதில் தம்பியோடு முழுக்க உடன்படுகிறேன்.

"அமெரிக்கச் சட்டம் நமக்கு எதற்கு" என்பதை மட்டும் ஏற்க முடியாது. படிவத்தில் சான்றளிப்பது நீங்கள். பணம் திருப்பிக் கட்டுவது உங்களைச் சேர்த்துக்கொண்ட நிறுவனம். மிச்சிகனின் வான் ஆண்டல் ஆய்வு நிறுவனம் தன் ஆய்வாளர்களின் சீன கிராண்டுகளை, மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்.ஐ.எச்-சிடம் சொல்லாததற்கு 2019-ல் 55 லட்சம் டாலர் கட்டியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலை இதே போன்ற குற்றச்சாட்டுக்கு 2023-ல் ஏறத்தாழ 19 லட்சம் டாலர் கட்டித் தீர்த்தது. ஒருமுறை இப்படி நடந்த இடத்தில் அடுத்த முறை டர்பன்காரரைக் கூட்டாளியாகச் சேர்க்க யார் முன்வருவார்கள்?

இனி நீங்கள் கேட்காத, ஆனால் இங்கே முக்கியமான ஒன்று. 2022-ன் சிப்ஸ் அண்ட் சயன்ஸ் சட்டப்படி "மாலைன் ஃபாரின் டேலன்ட் ரெக்ரூட்மென்ட் புரோகிராம்" (தீய நோக்கத்தோடு ஆய்வாளர்களை இழுக்கும் வெளிநாட்டு ஆள்சேர்ப்புத் திட்டம்) எதிலும் நான் இல்லை என்று ஒவ்வொரு சீனியர் பர்சனும் சான்றளிக்க வேண்டும். கவலைக்குரிய நாடுகள் என்று சட்டம் சொல்வது சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா. இந்தியா அதில் இல்லை. ஆகவே தமிழ்நாட்டுக் கௌரவப் பதவி பயோஸ்கெட்சில் எழுத வேண்டிய ஒன்று மட்டும்தான்.

சீனப் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தின் வாசகம். பணமோ, பதவியோ, கருவியோ, வேறு ஏதாவது பலனோ உங்களுக்கு வருகிறது, அதற்குப் பதிலாகக் கீழே சொல்வதில் ஒன்றாவது கேட்கிறார்கள், கொடுப்பது அந்த நாடுகளைச் சேர்ந்த அமைப்பு. இது மூன்றும் கூடினால் சிக்கல். அனுமதி இல்லாமல் அறிவுசார் சொத்தையோ தரவையோ மாற்றிக்கொடு, உன் மாணவர்களை எங்கள் திட்டத்துக்கு ஆள் சேர், நினைத்தபோது விலக முடியாது, கட்டுரையில் உன் சொந்தப் பல்கலையின் பெயரைப் போடாதே, இந்த ஒப்பந்தத்தைப் பற்றி யாரிடமும் சொல்லாதே. இவைதான் தேட வேண்டிய வரிகள்.

"இரு தரப்பும் இந்த உடன்படிக்கையின் இருப்பையும் உள்ளடக்கத்தையும் இரகசியமாக வைக்கும்" என்று ஒரு வரி சாதாரண ஒப்பந்தங்களிலும் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டு வரும். யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் வரி அதுதான். படிவத்தில் ஒப்பந்தத்தைக் காட்டினால் அந்த வரியை மீறுகிறீர்கள், காட்டாவிட்டால் அமெரிக்க விதியை மீறுகிறீர்கள். தீர்வு, "சட்டப்படியோ நிதியளிப்பவரின் விதிப்படியோ வேண்டிய வெளிப்படுத்தலுக்கு இது தடையில்லை" என்று ஒரு திருத்தக் கடிதம். உங்கள் பல்கலையின் ஒப்பந்தப் பிரிவு அனுப்பட்டும், நீங்கள் தனியாக வீசாட்டில் பேசி முடிக்காதீர்கள்.

கூட்டாகக் கட்டுரை எழுதுவது, மாநாட்டில் பேசுவது, மாணவருக்கு வழிகாட்டுவது போன்ற திறந்த வேலைகள் இந்த வரையறைக்குள் வருவதில்லை. உதவித்தொகையில் வந்த மாணவி என்பதால் யாரும் அந்த மாதிரி ஆள்சேர்ப்புத் திட்டத்தில் சேர்ந்துவிட மாட்டார்கள். அந்தப் பெண்ணை ஒரு சந்தேகப் பொருளாக ஆய்வகத்தில் நடத்தக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். படிவத்தில் எழுத வேண்டியது உதவியின் மூலம். அந்தப் பிள்ளையின் நேர்மையை அளப்பது அதன் வேலை அல்ல.

உம்கேனி_நீர்:

மிக்க நன்றி அண்ணா, அக்கா. இரவல் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அக்கா சொன்ன இரகசிய வரி அப்படியே இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: "கருவியால் கிடைக்கும் தரவும் அதிலிருந்து வரும் அறிவுசார் சொத்தும் இரு தரப்புக்கும் சமமாக உரியவை." இதை வைத்து என்ன செய்வது? துறைத்தலைவர் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது.

வெஸ்ட்வில்_72:

அங்கேதான் நம் நாட்டுச் சட்டம் வந்து நிற்கிறது. அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வின் அறிவுசார் சொத்து பற்றிய 2008-ன் 51-ஆம் சட்டப்படி, என்.ஆர்.எஃப் பணத்தில் நடந்த ஆய்வில் பிறப்பது உங்கள் பல்கலைக்குச் சொந்தம். வெளிநாட்டுப் பல்கலை கூட்டு உரிமையாளர் ஆகலாம், ஆனால் கருவி கொடுத்தால் போதாது. அவர்கள் பக்க ஆளும் சேர்ந்து உருவாக்கியிருக்க வேண்டும், உருவாக்கியவர்களுக்குப் பலன் பகிரும் ஏற்பாடு வேண்டும், பல்கலையோடு முறையான ஒப்பந்தம் வேண்டும். "சமமாக உரியவை" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது இந்த நிபந்தனைகளைத் தாண்டிப் போகிறது. துறைத்தலைவருக்குப் பல்கலையைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. நாளையே தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்குப் பிரதியோடு போங்கள். ஏற்கெனவே ஏதாவது புதுமுறை கண்டிருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். கண்டறிந்த 90 நாளுக்குள், அதுவும் கட்டுரையாக வெளிவரும் முன்பே, அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

வரிசை முக்கியம். முதலில் உங்கள் பல்கலைக்கு நீங்கள் கொடுக்கும் வெளிவேலை அறிவிப்பு, பிறகுதான் அமெரிக்கப் படிவம். கௌரவப் பதவியும் கன்சல்டிங்கும் அந்த அறிவிப்பில் இல்லாமல் அமெரிக்கப் படிவத்தில் மட்டும் தோன்றினால், இரண்டு நிறுவனமும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கும்.

தூகேலாக்கரை:

அண்ணா சொன்னதோடு, உங்கள் சொந்தக் கட்டுரைகளை ஒருமுறை படிக்கச் சொல்வேன். சோதிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான், தேடுபொறி போதும். கடந்த நான்கு வருடக் கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு இடம் பாருங்கள்: பெயருக்குக் கீழே உள்ள முகவரி, கடைசியில் உள்ள நன்றியுரை. சீனக் கூட்டாளி கட்டுரையை அனுப்பும்போது தன் கிராண்ட் எண்ணை நன்றியுரையில் போட்டிருப்பார். "இந்த ஆய்வு இன்ன எண் கிராண்டின் ஆதரவு பெற்றது" என்று பொதுவாக எழுதினால், எல்லா ஆசிரியருக்கும் அந்தப் பணம் வந்ததுபோல் தோன்றும். உங்கள் படிவத்தில் அந்த எண் இருக்காது. முரண்பாடு பிறப்பது இங்கேதான், கெட்ட எண்ணமே இல்லாமல். இனி எழுதும் கட்டுரைகளில் கிராண்ட் எண்ணுக்குப் பக்கத்தில் யாருக்கு வந்தது என்று பெயரின் முதலெழுத்தைப் போடச் சொல்லுங்கள். பழையதற்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி, கூட்டாளியின் உறுதிமொழி மின்னஞ்சலோடு கோப்பில் வையுங்கள்.

இரட்டை முகவரியையும் கவனியுங்கள். தமிழ்நாட்டுப் பல்கலையின் பெயரை இரண்டாவது முகவரியாகப் போட்டிருந்தால் பயோஸ்கெட்சில் அது இல்லாமல் இருக்க முடியாது. நம் ஊரில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. உயர்கல்வித் துறை கட்டுரைகளுக்குத் தரும் மானியத்தை முகவரிகளின்படி பிரிக்கிறது. இரண்டாவது முகவரி போட்டால் உங்கள் பல்கலையின் பங்கு குறையும், ஆகவே அவர்களும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மனித இரத்தம், திசு மாதிரி வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள் இதைப் படித்தால்: 2018 ஜூலை 20 அரசிதழில் வந்த பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் சுகாதாரத் துறையின் ஏற்றுமதி அனுமதியும் உங்களுக்குத் தனி. ஆட்களின் தனித்தகவல் போனால், தனித்தகவல் பாதுகாப்புக்கான நம் போப்பியா சட்டத்தின் 72-ஆம் பிரிவு. கழிவுநீர் இரசாயன அளவீட்டுக்கு இந்த மூன்றும் பெரும்பாலும் வராது.

மாரிட்ஸ்பர்க்_வாசி:

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. என் பயம் அட்டவணைக்கு வெளியே போவது பற்றித்தான். ஒரு சந்தேகம்: பெண்டிங் என்பதில் என்னவெல்லாம் வரும்? இன்னும் பதில் வராத விண்ணப்பமா?

வெஸ்ட்வில்_72:

ஆமாம், அனுப்பிவிட்டுக் காத்திருப்பவை. இப்போது அனுப்பும் இந்த முன்மொழிவும் பெண்டிங்கில் ஒரு வரியாக வர வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஒரே வேலையை இரண்டு இடத்தில் கேட்டிருந்தால் ஓவர்லாப் பகுதியில் "இரண்டும் கிடைத்தால் இந்தப் பகுதியைக் கைவிடுவோம்" என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

உம்கேனி, செயல்முறையில் தடுக்கும் சில விஷயங்கள். படிவங்களை சையன்சீவி (SciENcv) என்ற இணையதளத்தில்தான் உருவாக்க வேண்டும், வேர்டில் அடித்து அனுப்ப முடியாது. ஆய்வாளர் அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) எண்ணை இணைத்துவிடுங்கள். வேறொருவர் உங்களுக்காகத் தகவலை நிரப்பலாம், ஆனால் சான்றளிக்கும் பொத்தானை நீங்களே அழுத்த வேண்டும். அமெரிக்க நண்பரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து "நீங்களே போட்டுவிடுங்கள்" என்று ஒருபோதும் செய்யாதீர்கள். இறக்கிய பி.டி.எஃப்-ஐத் திறந்து மறுபடி சேமிக்கவோ, பிரின்ட் டு பி.டி.எஃப் கொடுக்கவோ, இன்னொன்றோடு ஒட்டவோ கூடாது. அதற்குள் இருக்கும் தகவல் அழிந்து, கடைசி மணி நேரத்தில் என்.எஸ்.எஃப் தளம் ஏற்க மறுக்கும். இறக்கிய கோப்பை அப்படியே மின்னஞ்சலில் இணையுங்கள்.

ஆய்வுப் பாதுகாப்புப் பயிற்சியும் உண்டு. முன்மொழிவு அனுப்புவதற்கு முந்தைய 12 மாதத்துக்குள் முடித்திருக்க வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சுருக்கப் பாடத்தை முடித்துச் சான்றிதழை இறக்கி வையுங்கள். எந்தப் பாடத்தை ஏற்பார்கள் என்று அமெரிக்கப் பல்கலையில் வெளி நிதியைக் கவனிக்கும் ஸ்பான்சர்ட் புரோகிராம்ஸ் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

உம்கேனி_நீர்:

கடைசிக் கேள்வி. கிராண்ட் கிடைத்த பிறகு ஏதாவது விட்டுப்போனது என்று தெரிந்தால்?

தூகேலாக்கரை:

உடனே சொல்லுங்கள். முன்மொழிவு அனுப்பியபோதே இருந்து, எழுதாமல் விட்ட உதவி பிறகு தெரியவந்தால், தெரிந்த 30 நாளுக்குள் அமெரிக்கப் பல்கலை என்.எஸ்.எஃப்-க்கு அறிவிக்க வேண்டும். அந்தக் கடிகாரம் ஓடும்போது உங்கள் மின்னஞ்சல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். முதன்மை ஆய்வாளருக்கு மட்டும் அனுப்பினால் போதாது, ஸ்பான்சர்ட் புரோகிராம்ஸ் அலுவலகத்துக்கும் உங்கள் ரிசர்ச் ஆபீஸுக்கும் பிரதி போடுங்கள். மின்னஞ்சலில் நான்கு தகவல் போதும்: யார் கொடுத்தது, என்ன மதிப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வருடத்துக்கு எத்தனை பர்சன் மந்த். ஏன் விட்டுப்போனது என்பதை ஒரே வரியில், உள்ளபடி எழுதுங்கள். ஒப்பந்தப் பிரதியை இணையுங்கள், சீன மொழியில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்போடு.

இரவல் ஒப்பந்தத்தின் திருத்தம் மூன்று வாரத்தில் முடியாது என்று தோன்றுகிறது. அதற்காகக் காத்திருந்து கருவியை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். கருவியை இப்போதே பட்டியலில் போடுங்கள். திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது என்று ஒப்பந்தப் பிரிவிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி அமெரிக்க அலுவலகத்துக்குத் தனியாக அனுப்புங்கள். சீனப் பல்கலைக்கும் இதை மறைக்காமல் எழுதுங்கள். அங்கே உங்களோடு வேலை செய்பவர்களும் அவர்கள் பக்கத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான்.